வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பெட்டி: வாங்கலாமா? லாபமா, வம்பா?

வெள்ளை மாளிகையின் சமையல்கட்டில் பீர் ஊறியது!

கள்ளத்தனமாக அல்ல. ஜனாதிபதிக்குத் தெரிந்தே ஊறியது. தெரிந்து என்ன, அவர் காசிலேயே ஊறியது. 2011ல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஒபாமா, வீட்டில் பீர் தயாரிக்கும் பெட்டி ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கிக் கொடுத்தார். மாளிகைத் தோட்டத்தில் வளர்த்த தேனீக்களின் தேனைச் சேர்த்து, சமையல்காரர்கள் பீர் தயாரித்தார்கள். அதன் செய்முறையை 2012 செப்டம்பரில் ஊருக்கே வெளியிட்டார்கள்.

“அந்த மாளிகையிலேயே செய்கிறார்கள் என்றால் நாம் செய்தால் என்ன?” என்று ஆசை வருவது இயற்கை.

லண்டனில் இருக்கும் அண்ணன், சிங்கப்பூரில் இருக்கும் மச்சான், மெல்போர்னில் படிக்கும் பையன் என்று நம்மூர்க் குடும்பங்களில் வெளிநாட்டில் ஒரு ஆள் இல்லாத வீடு குறைவு. அவர்கள் கண்ணில் இந்தப் பெட்டி அடிக்கடி படுகிறது. “40 பைண்ட் பீர்! மூன்றே வாரம்! சுலபம்!” என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கிறது.

உண்மையிலேயே சுலபமா? காசு மிச்சமா? குடிக்கிற மாதிரி இருக்குமா? சட்டம் விடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெட்டிக்குள் என்ன?

பெட்டியைத் திறந்தால் பூதம் ஒன்றும் கிளம்பாது. உள்ளே இருப்பவை இவைதான்:

மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்று. சாதாரணமாக 23 லிட்டர் பீர் ஊறப் போடுகிற அளவு. அதன் மூடியில் சொருக ஏர்லாக் என்ற சின்னக் குழாய். உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும். வெளிக் காற்று உள்ளே வராது.

அடுத்து ஒரு டப்பா. முளை கட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகு அதில் இருக்கும். பார்க்க வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக, கறுப்பாக இருக்கும். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து எடுத்த கசப்பும் அதிலேயே கலந்திருக்கும். டப்பாவோடு ஒரு பொட்டலம் ஈஸ்ட்.

இன்னொரு சாமான் ஹைட்ரோமீட்டர். பால் சொசைட்டியில் பாலில் மிதக்க விட்டுப் பார்க்கிறார்களே லாக்டோமீட்டர், அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். திரவத்தில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று இது காட்டிக் கொடுத்துவிடும்.

இவை தவிர பீரை வாளியிலிருந்து பாட்டிலுக்கு இறக்க ஒரு குழாய், பாட்டில், மூடி. சில பெட்டிகளில் பாட்டில் இருக்காது. தனியாக வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, பீர் தயாரான பிறகு பாட்டிலுக்கு அலைந்தால் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

சின்னப் பெட்டியும் உண்டு. அதில் ஒரு காலன், அதாவது சுமார் 3.8 லிட்டர்தான் வரும். 9 அல்லது 10 சின்னப் பாட்டில் தேறும்.

எப்படி ஊறுகிறது?

நம் வீட்டு இட்லி மாவு ராத்திரியில் பொங்குகிறதே, ஏறக்குறைய அதே கதைதான். மாவில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வேலை செய்கின்றன. பீரில் வேலை செய்வது ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று, ஒரு பக்கம் சாராயச் சத்தையும் மறு பக்கம் கரியமில வாயுவையும் விடுகிறது.

செய்முறை இப்படி:

முதலில் வாளி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கிருமி போகக் கழுவ வேண்டும். பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்த்தால் மட்டும் போதாது. அதற்கென்று விற்கும் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும்.

பிறகு டப்பாப் பாகையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு 23 லிட்டர் ஆக்க வேண்டும். சூடு தணிந்து 20 டிகிரியை ஒட்டி வந்ததும் ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் போதும்.

ஒன்றிரண்டு நாளில் ஏர்லாக்கில் ‘பளக், பளக்’ என்று குமிழி கிளம்பும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை அப்படியே விட வேண்டும். குமிழி நின்றுவிட்டதே என்று அவசரப்படக் கூடாது. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார்த்து, இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால்தான் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது பாட்டிலில் அடைப்பது. நுரை வர, லிட்டருக்கு சுமார் 8 கிராம் சர்க்கரை சேர்க்கிறார்கள். மூடி போட்டு இன்னும் இரண்டு வாரம் வைக்க வேண்டும். அட்டையில் மூன்று வாரம் என்று இருந்தாலும் நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

போதை எவ்வளவு? கணக்கு சுலபம். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் 1.042 காட்டியது, முடிவில் 1.010 காட்டியது என்றால் வித்தியாசம் 0.032. அதை 131ஆல் பெருக்கினால் சுமார் 4.2 சதவீதம். கடையில் விற்கும் சாதா பீர் அளவுதான்.

5 ஷில்லிங் லைசென்சு!

இன்று கடையில் பகிரங்கமாக விற்கும் இந்தப் பெட்டி ஒரு காலத்தில் அந்த நாடுகளிலும் வம்பாகத்தான் இருந்தது.

பிரிட்டனில் 1880ல் கிளாட்ஸ்டன் அரசு மால்ட் மீதிருந்த வரியை எடுத்துவிட்டு, பீர் மீது வரி போட்டது. வீட்டில் பீர் செய்கிறவரும் லைசென்சு எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. கட்டணம் 5 ஷில்லிங். இது 80 வருஷத்துக்கு மேல் ஓடியது. 1963 பட்ஜெட்டில்தான் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அதை ரத்து செய்தார்.

அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது! 1970களில் பூட்ஸ் என்ற பெரிய மருந்துக்கடைக் கம்பெனியே பீர் டப்பா விற்றது. இருமல் மருந்து வாங்கப் போனவர் பீர் டப்பாவோடு திரும்பிய காலம் அது.

அமெரிக்காவில் கதை இன்னும் வேடிக்கை. 1920 முதல் 1933 வரை அங்கே நாடு பூராவும் மதுவிலக்கு. ஆனால் மளிகைக் கடையில் ஹாப்ஸ் கலந்த மால்ட் பாகு தாராளமாகக் கிடைத்தது. எதற்கு? ரொட்டி சுட! கசப்பு ரொட்டியை யார் தின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மதுவிலக்கு போன பிறகு வீட்டில் ஒயின் செய்ய அனுமதி கிடைத்தது. பீர் விட்டுப் போயிற்று. 1978 அக்டோபர் 14ந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் வழி விட்டது. ஒரு ஆள் மட்டும் பெரியவர் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 100 காலன். இரண்டு பெரியவர்கள் இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் சில மாநிலங்கள் முரண்டு பிடித்தன. மிசிசிப்பியும் அலபாமாவும் கடைசியாக 2013ல்தான் இறங்கி வந்தன.

இந்தப் பெட்டியில் தொடங்கிப் பெரிய முதலாளி ஆனவர்களும் உண்டு. கலிபோர்னியா மாநிலம் சிக்கோ நகரில் வீட்டு பீர் சாமான் கடை வைத்திருந்தவர் கென் கிராஸ்மன். அவர் ஆரம்பித்த சியரா நெவாடா கம்பெனி 1980ல் பீர் இறக்கியது. இன்று அமெரிக்காவில் அந்தப் பெயர் தெரியாத பீர்ப் பிரியர் இல்லை.

ஆஸ்திரேலியாவிலும் 1970களில் விட்லம் ஆட்சியில்தான் கட்டுப்பாடு தளர்ந்தது. அடிலெய்டு நகரில் 1862 முதல் பீர் செய்யும் கூப்பர்ஸ் கம்பெனி வீட்டுக்கென்றே டப்பா போட்டு விற்கிறது. பெரிய கம்பெனியே “நீயே செய்துகொள்” என்று சாமான் கொடுக்கிறது!

கணக்குப் போட்டால்…

“பப்பில் கொடுக்கிற காசு மிச்சம்” என்பதுதான் முதலில் சொல்லும் காரணம். கணக்குப் பார்த்துவிடுவோம்.

பிரிட்டனில் வாளி, ஹைட்ரோமீட்டர், பாட்டில் வகையறாவுக்கு சுமார் 50 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மால்ட் டப்பாவும் சர்க்கரையும் 25 பவுண்டு. மொத்தம் 75. கிடைப்பது 40 பைண்ட். ஒரு பைண்டுக்கு ஏறக்குறைய 1 பவுண்டு 88 பென்ஸ் விழுகிறது.

லண்டன் பப்பில் ஒரு பைண்ட் 5 பவுண்டுக்கு மேல். ஆகவே லாபம்தானே என்றால், அவசரப்பட வேண்டாம். பப் விலையில் நாற்காலி, விளக்கு, சிநேகிதர் கூட்டம், கழுவி வைக்கும் ஆள் எல்லாம் சேர்த்தி. வீட்டு பீரை மளிகைக் கடையில் விற்கும் டின் பீரோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் முதல் தடவையில் பெரிய மிச்சம் ஒன்றுமில்லை.

இரண்டாவது தடவை வாளி சும்மா கிடக்கிறது. டப்பா செலவு மட்டும்தான். 25 பவுண்டை 40ஆல் வகுத்தால் பைண்டுக்கு 63 பென்ஸ்கூட ஆகாது. லாபம் அங்கேதான் ஆரம்பம்.

அதாவது ஒரு தடவை செய்துவிட்டு வாளியைப் பரணில் போடுகிறவருக்கு நஷ்டம். ஐந்தாறு தடவை செய்கிறவருக்கு லாபம்.

சின்னப் பெட்டி வாங்குகிறவர் லாபத்தை மறந்துவிட வேண்டியதுதான். 45 டாலர் கொடுத்து 10 பாட்டில் எடுத்தால் பாட்டிலுக்கு நாலரை டாலர். கடையில் நல்ல பீரே அதில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

இதில் உழைப்பைச் சேர்க்கவில்லை. கழுவுவது, கரைப்பது, அளப்பது, 40 பாட்டிலை ஒவ்வொன்றாக அலம்பி அடைப்பது என்று குறைந்தது நாலைந்து மணி நேரம் போகும். பீர் தயாரிப்பது என்பது முக்கால்வாசி பாத்திரம் கழுவும் வேலை என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. வீட்டம்மாவின் சமையல்கட்டு ஒரு நாள் பூரா நாசமாவதற்கு என்ன விலை என்பதை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

ருசி எப்படி?

சொன்னபடி செய்தால் குடிக்கிற மாதிரியே வரும். முதல் தடவையே பிரமாதம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்.

பழைய முறையில் ஒரு டப்பாப் பாகோடு ஒரு கிலோ சர்க்கரையைக் கொட்டுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையை மிச்சம் மீதி இல்லாமல் தின்றுவிடும். போதை ஏறும், பீர் மட்டும் தண்ணியாக இருக்கும். சர்க்கரைக்குப் பதில் காய்ந்த மால்ட் பொடி சேர்த்தாலோ, இரண்டு டப்பா உள்ள பெட்டியை வாங்கினாலோ ருசி ஒரு படி ஏறும். செலவும் ஒரு படி ஏறும்!

அடுத்த எதிரி குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின். அது மால்ட்டோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். கேம்ப்டன் மாத்திரை என்று ஒன்றைப் போட்டால் குளோரின் போய்விடும். பிளீச்சிங் திரவத்தில் வாளியைக் கழுவி, சரியாக அலசாமல் விட்டாலும் இதே வாடைதான்.

மூன்றாவது எதிரி சூடு. பெரும்பாலான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரிதான் சுகம். 25ஐத் தாண்டினால் அது கண்டபடி வேலை செய்யும். வாழைப்பழ வாடை, வார்னிஷ் வாடை, மறுநாள் காலையில் மண்டையிடி!

இன்னொன்று. வீட்டு பீரில் பாட்டில் அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருக்கும். குலுக்காமல், மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கடைசி அரை அங்குலத்தை விட்டுவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை விட மாட்டேன் என்பவருக்கு வயிறு பதில் சொல்லும்.

வெடிக்கும் பாட்டில்!

இனிதான் விஷயமே இருக்கிறது.

சோடா பாட்டில் வெடித்தால் என்ன ஆகும் என்று நம்மூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருச் சண்டையில் சோடா பாட்டில் பறந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். வீட்டு பீர்ப் பாட்டிலும் அதே ஜாதிதான். வீசக்கூட வேண்டாம். அலமாரியில் வைத்த இடத்திலேயே வெடிக்கும்!

காரணம் பெரும்பாலும் அவசரம். ஈஸ்ட் வேலை முடிவதற்குள் பாட்டிலில் அடைத்துவிட்டால், மிச்சச் சர்க்கரையை அது பாட்டிலுக்குள் இருந்து தின்னும். வாயு போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு ராத்திரி ‘டமார்’!

ஒன்று வெடித்தால் அதன் சில் பக்கத்துப் பாட்டிலில் அடிக்கும். வரிசையாக வெடிக்கும். கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

இரண்டாவது காரணம் தாராளம். 23 லிட்டருக்கு 184 கிராம் சர்க்கரை போதும். நுரை நன்றாக வரட்டும் என்று கால் கிலோவைத் தாண்டிக் கொட்டுகிறவர் வெடிகுண்டு தயாரிக்கிறார். மூன்றாவது காரணம், மெல்லிய கண்ணாடிப் பாட்டில். பழச்சாறு பாட்டில், ஜாம் பாட்டிலில் எல்லாம் அடைக்கவே கூடாது.

தப்பிக்க வழி உண்டு. புதிதாகச் செய்கிறவர் கண்ணாடியை விட்டுவிட்டு, சோடா விற்கும் பிளாஸ்டிக் பாட்டில் மாதிரியான பீர் பாட்டிலை வாங்கலாம். அழுத்திப் பார்த்தால் எவ்வளவு வாயு ஏறியிருக்கிறது என்று கைக்கே தெரியும். கல் மாதிரி இறுகிவிட்டால் மூடியை லேசாகத் திருகி வாயுவை விட்டுவிடலாம். கண்ணாடிதான் என்றால் மூடி உள்ள கெட்டிப் பெட்டியில், குழந்தைகள் நடமாடாத இடத்தில் வைக்க வேண்டும்.

விஷமாகுமா?

“வீட்டில் செய்த சரக்கு, கண் போய்விடுமே” என்ற பயம் நம்மவர்களுக்கு உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் விஷ திரவம். கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

மால்ட்டையும் ஈஸ்ட்டையும் போட்டு ஊற வைக்கும் பீரில் அப்படி ஆபத்தான அளவில் மெத்தனால் உண்டாவதில்லை. கெட்டுப்போன பீர் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது. பொதுவாக நோய்க்கிருமிகள் வளர பீரில் உள்ள சாராயச் சத்தும் புளிப்பும் ஹாப்ஸும் விடுவதில்லை. மேலே பூசணம் பூத்தால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

ஆனால் ஊற வைப்பது வேறு. அடுப்பில் ஏற்றி, ஆவியைப் பிடித்துச் சாராயமாக இறக்குவது வேறு. அது தீப்பிடிக்கும் வேலை. வீட்டு பீருக்கு அனுமதி தரும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவிலும் லைசென்சு இல்லாமல் சாராயம் இறக்கினால் குற்றம்தான். பீர் பெட்டி வாங்கியவர் “அடுத்த படி” என்று அந்தப் பக்கம் போகக் கூடாது.

உண்மையான ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அது பாட்டிலில் இல்லை, அலமாரியில் இருக்கிறது. மதுக்கடைக்கு மூடும் நேரம் உண்டு. வீட்டு அலமாரிக்கு ஏது? 40 பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், வாரத்துக்கு ஒன்று குடிக்கிறவர் தினத்துக்கு ஒன்று என்று ஆக அதிக நாள் பிடிக்காது. “நானே செய்தது, வீணாகலாமா?” என்று சாக்கு வேறு. குடியை நிறுத்த முயல்கிறவர், குடியால் ஒரு தடவை அடிபட்ட குடும்பம், இந்தப் பெட்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நல்லது.

சிங்கப்பூர் மச்சான் கவனிக்க!

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம்.

சிங்கப்பூரில் வீட்டு உபயோகத்துக்கு லைசென்சு இல்லாமல் பீர் செய்ய அனுமதி உண்டு. ஆனால் 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் கூடாது. விற்கக் கூடாது. சாராயம் இறக்கக் கூடாது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பெரிய பெட்டி 23 லிட்டர். ஒரே மாதத்தில் இரண்டு தடவை போட்டால் 46 லிட்டர். சட்டத்தை மீறியாயிற்று! மாதம் ஒரு தடவை என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அங்கே சூடும் ஒரு தொல்லை. வருஷம் பூராவும் பகலில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏ.சி. அறையோ, பழைய பிரிட்ஜோ இல்லாமல் பீர் உருப்படாது. வாளியை ஈரத்துணியால் சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவது ஏழை வைத்தியம். ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், அவ்வளவுதான்.

ஜப்பானில் வேலைக்குப் போன தம்பிகளும் கவனிக்க வேண்டும். அங்கே லைசென்சு இல்லாமல் 1 சதவீதமோ அதற்கு மேலோ சாராயச் சத்து உள்ள எதையும் வீட்டில் தயாரிப்பது சட்டவிரோதம்.

சென்னையில் என்றால்…

இங்கே கேள்வியே இல்லை. கூடாது!

1937ல் ராஜாஜி ஆட்சியில் வந்து, அக்டோபர் 1ந் தேதி முதன்முதலாக சேலம் ஜில்லாவில் அமலான மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. அரசே கடை திறந்து பீர் விற்கிறதே என்று கேட்கலாம். விற்பது அரசு, லைசென்சு வாங்கித் தயாரிப்பது கம்பெனி. தனி ஆள் வீட்டில் தயாரிக்க வழியில்லை.

சட்டத்தில் “மது” என்றால் சாராயம் மட்டுமல்ல. கள், ஒயின், பீர் எல்லாம் சேர்த்தி. தயாரித்தால் குற்றம். தயாரிப்பதற்காகப் பொருட்களையோ பாத்திரத்தையோ கருவியையோ வைத்திருந்தாலும் குற்றம். “சும்மா ஆசைக்கு, ஒரு வாளிதான் சார்” என்று சொன்னால் போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூன் 29ந் தேதி சட்டசபையில் திருத்தம் நிறைவேறி தண்டனைகள் கடுமையாயின. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்கிற அளவுக்குப் போயிருக்கிறது. இந்த நேரத்தில் வீட்டு மாடியில் வாளி வைத்து விளையாடுவது யாருக்கும் நல்லதல்ல. வேலையில் இருக்கும் குமாஸ்தாவாக இருந்தால் உத்தியோகத்துக்கும் உலை. கடைக்காரர் என்றால் கடை பெயருக்கும் கேடு.

“ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி வாங்கி வா” என்று வெளிநாட்டு உறவுக்காரரிடம் சொல்லிவிடுகிற ஆசை இருந்தால், அதையும் இன்றோடு விட்டுவிடுவது உத்தமம்.

யாருக்கு ஏற்றது?

சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவருக்கு முடிவாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

காசு மிச்சம் பிடிக்க மட்டும் என்றால் பெட்டி வேண்டாம். சீக்கிரம் குடிக்க வேண்டும் என்றாலும் வேண்டாம். கடை பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று பார்க்கிற ஆசை, கழுவுகிற பொறுமை, நாலு வாரம் காத்திருக்கிற நிதானம் மூன்றும் இருந்தால் தாராளமாக முயன்று பார்க்கலாம். அவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. முதல் தடவை சுமாராக வந்தாலும் மூன்றாவது தடவை சிநேகிதருக்குக் கொடுக்கிற மாதிரி வரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

பெட்டியில் ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாத பெட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் விடுகிற மாதிரி.

பாட்டில் சேர்த்தியா, தனியா என்று கேட்க வேண்டும். முதல் தடவைக்கு பிளாஸ்டிக் பாட்டிலே மேல்.

மால்ட் டப்பாவில் தேதியைப் பார்க்க வேண்டும். பழைய டப்பாவில் ருசி போயிருக்கும், ஈஸ்ட்டும் செத்திருக்கும்.

எந்தக் கடையிலும் கிடைக்கும் டப்பாவைப் போட்டால் வேலை செய்கிற சாதாரண வாளிதான் நல்லது. பொத்தானை அழுத்தினால் பீர் என்று மெஷின்களும் வந்தன. அமெரிக்காவில் அப்படி மெஷின் விற்ற ஒரு கம்பெனி 2020ல் படுத்துவிட்டது. அதன் பொட்டலத்தையே நம்பியிருந்தவர்கள் கையில் மெஷின் மட்டும் மிஞ்சியது. வாளி அப்படிக் கைவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்தவர் யாராவது வாளி வைத்திருந்தால் ஒரு தடவை கூட இருந்து கழுவிப் பார்க்க வேண்டும். அந்த வேலை பிடித்தால் பெட்டி வாங்கலாம். பிடிக்காவிட்டால் 75 பவுண்டு மிச்சம்!

சென்னைவாசிகளுக்கு மட்டும் ஒரே வார்த்தை: நம் வீட்டில் ஊறுவது இட்லி மாவாகவே இருக்கட்டும். அதற்கு லைசென்சும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்!